மறைந்து வாழ ஆகும் செலவு

ஹாரி பாட்டர் வரிசையின் நான்காவது நூலில் ராபர்ட்ஸ் என்று ஒருவர் வருவார். படித்தவர்களில் பாதிப் பேருக்கு அவரை நினைவிருக்காது. துடைப்பக்கட்டையில் பறந்து ஆடும் குவிடிச் ஆட்டத்தின் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட இடம் வாடகைக்கு விடுபவர். மந்திரம் தெரியாத சாதாரண ஆள், அந்த உலகத்துப் பேச்சில் ஒரு மகுள். அவருடைய திடலில் திடீரென்று கூட்டம் வந்து குவிகிறது. ஒருவர் ஸ்காட்லாந்துப் பாவாடைக்கு மேல் போன்ச்சோ போட்டுக்கொண்டு திரிகிறார். இன்னொருவர் கார் சக்கர மூடி அளவுக்குத் தங்கக் காசை எடுத்து வாடகையாக நீட்டுகிறார். ராபர்ட்ஸுக்குச் சந்தேகம் தட்டுகிறது. உடனே வெறுங்காற்றிலிருந்து, மந்திர உலகத்தின் அரசாங்கமான அமைச்சகத்தின் ஊழியர் ஒருவர் தோன்றி, மந்திரக்கோலை நீட்டி, நினைவை அழித்துவிட்டு அலுத்துக்கொள்கிறார்: இந்த மனிதருக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கிறதாம். அன்றிரவு முகமூடிக் கும்பல் ஒன்று ராபர்ட்ஸையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்தரத்தில் தூக்கிச் சுழற்றி விளையாடுகிறது. மறுநாள் காலை அவர் வந்தவர்களை வழியனுப்பி ‘மெர்ரி கிறிஸ்மஸ்’ என்கிறார். மாதம் ஆகஸ்ட்.

நூல் அந்த இடத்தைச் சிரித்தபடி தாண்டிப் போய்விடுகிறது. மூல நூலின் உலகத்தை வைத்து ரசிகர் புனைவு எழுதுபவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த ஆளுக்கு அடுத்த வருடம் என்ன ஆனது? பிள்ளைகள் ராத்திரியில் அலறி எழுகிறார்களா? மருத்துவரிடம் போனால் என்ன சொல்வார்? அதே நூலில் பெர்த்தா ஜார்க்கின்ஸ் என்ற பெண்ணுக்குப் பலமான நினைவழிப்பு மந்திரம் போட்டதில் நினைவாற்றலே நிரந்தரமாகப் பழுதாகிவிட்டதாக வருகிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டால்?

மறைந்து வாழும் மந்திரச் சமூகத்தை வைத்துக் கதை கட்டுபவர்கள் பெரும்பாலும் மந்திரத்தில்தான் முதலில் கை வைப்பார்கள்: புது மந்திரம், புது விலங்கு, புதுப் பள்ளி. எனக்குப் பிடித்த கதைகள் வேறு பக்கம் தொடங்குகின்றன. மறைவு என்பது அன்றாடம் யாரோ பார்க்கும் வேலை. அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், அடிபடுகிறவர்களும் இருப்பார்கள். அந்தக் கணக்கைப் போடத் தொடங்கியதும் உலகம் தானாக வளர ஆரம்பிக்கிறது.

ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கின் நூல்களில் இந்தக் கணக்கு ஏன் விட்டுப்போயிற்று என்பதற்குக் காரணம் எளிது. கதை முழுக்க ஏறக்குறைய ஒரு பையனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்படுகிறது. பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு மாவு எங்கிருந்து வருகிறது என்று பதினோரு வயதுப் பையன் கேட்க மாட்டான். வரலாற்று வகுப்பில் அவன் தூங்குகிறான். அதனால் நமக்கும் அந்த வரலாறு தெரியாமல் போகிறது. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்கள் வந்தன. நான்காவது 2000 ஜூலையில் வந்தது, ஐந்தாவது 2003 ஜூனில். இடையில் கிடந்த அந்த நீண்ட காத்திருப்பை ரசிகர்கள் ‘மூன்று வருடக் கோடை’ என்பார்கள். படிக்கப் புது நூல் கிடையாது, கேள்விகள் மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தன. 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளத்தில் பாட்டர் கதைகள் குவிந்தது இந்தக் காலத்தில்தான்.

முதலில் மக்கள்தொகை. இது பழைய சண்டை, இன்னும் ஓயவில்லை. பள்ளியில் எத்தனை மாணவர்கள் என்று கேட்டபோது ரௌலிங் ஒரு நேர்காணலில் சுமார் ஆயிரம் என்றார். ஆனால் ஹாரியின் வகுப்புக்கு அவர் பெயர் வைத்து உருவாக்கி வைத்திருந்தது 40 பிள்ளைகள்தான். பிரிட்டனில் மொத்தம் எத்தனை மந்திரவாதிகள் என்ற கேள்விக்கு, தனக்குக் கணக்கு வராது என்ற முன்னுரையோடு, மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 40 பிள்ளைகள், ஆள் சராசரியாக 80 வயது வாழ்ந்தால் 3,200 பேர். மூவாயிரத்தோடு அழகாக ஒத்துப்போகிறது. ஆயிரம் மாணவர்கள் என்றால் ஆண்டுக்கு 140க்கு மேல், மொத்தம் பதினோராயிரம் பேராவது வேண்டும். மூவாயிரம்தான் என்று பிடிவாதமாக நின்றால், நாட்டு ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆகும்.

சரி, சிறிய எண்ணையே வைத்துக்கொள்வோம். பிரிட்டன், அயர்லாந்து குவிடிச் லீகில் 13 அணிகள், அணிக்கு ஏழு பேர். ஆக 91 தொழில்முறை ஆட்டக்காரர்கள். மூவாயிரம் பேரில் நூற்றுக்கு மூன்று பேருக்குத் துடைப்பக்கட்டையில் ஏறிப் பறப்பதே பிழைப்பு. உலகக் கோப்பைக்கு ஒரு லட்சம் பேர் உட்காரும் அரங்கம் கட்ட அமைச்சகம் 500 பேரை ஒரு வருடம் முழுக்க வேலைக்கு விட்டது என்று அமைச்சக ஊழியர் ஆர்தர் வீஸ்லி பெருமையாகச் சொல்கிறார். மூவாயிரத்தில் 500 பேர் மைதானம் கட்டப் போய்விட்டால் ரொட்டி சுடுவது யார், மருத்துவமனையைப் பார்ப்பது யார், செய்தித்தாள் அச்சடிப்பது யார்?

இந்த ஓட்டையை ரசிகர்கள் அடைக்கும் வழிகள்தான் ரசமானவை. சிலர் எண்ணைப் பேசாமல் ஏற்றிவிடுவார்கள், முப்பதாயிரம், ஐம்பதாயிரம். வேலை முடிந்தது, கதைக்கு எந்த லாபமும் இல்லை. வேறு சிலர் வகுப்பு சிறியது என்பதையே பிடித்துக்கொண்டார்கள். ஹாரியும் கூடப் படிப்பவர்களும் பிறந்தது 1979, 1980 வாக்கில், கொடிய மந்திரவாதி வோல்டமார்ட்டுடனான முதல் போர் உச்சத்தில் இருந்தபோது. பயத்தில் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை, பெற்றவர்களில் பலர் செத்தார்கள், சிலர் நாட்டை விட்டு ஓடினார்கள். ஆகவே அந்த வகுப்பு மட்டும் சிறியது. இந்த விளக்கம் வந்ததும் பள்ளிக் கட்டடத்தின் முகமே மாறுகிறது. பூட்டிக் கிடக்கும் படுக்கையறைகளுக்கு, நீளமான மேசையில் காலியாக இருக்கும் இடங்களுக்கு, போன தலைமுறையை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆசிரியர்களுக்கு எல்லாம் ஒரே காரணம் கிடைத்துவிடுகிறது. நூலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல ஒட்டுப்போடல் என்றால் எனக்கு இதுதான்: ஓட்டையை மூடின கையோடு உள்ளே ஒரு புது அறையைத் திறந்துவிடுகிறது.

அடுத்தது சோறு. ஏழாவது நூலில் ஹாரியின் தோழி ஹெர்மயனி கேம்ப் விதி என்று ஒன்றைச் சொல்கிறாள். உருமாற்ற மந்திரத்தால் வெறுமையிலிருந்து உணவை உண்டாக்க முடியாது. அந்த விதியின் ஐந்து முக்கிய விலக்குகளில் உணவு முதலாவது. மற்ற நான்கு என்ன என்று நூல் சொல்லவில்லை, ரசிகர்கள் இன்னமும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நான்கைவிட முதலாவதுதான் எனக்கு முக்கியம். சோறு மந்திரத்தில் வராது என்றால் நிலம் வேண்டும், உழுபவர் வேண்டும். ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் சமையலறையில், ஊழியம் செய்யும் குட்டி உயிர்களான வீட்டு எல்ஃப்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் அவை சமைக்கத்தான் செய்கின்றன. பிரிட்டனிலேயே முழுக்க மந்திரவாதிகள் வசிக்கும் கிராமம் ஹாக்ஸ்மீட் ஒன்றுதான். அங்கே தேன்மிட்டாய்க் கடையும் மதுக்கடையும் தெரிகின்றன, கோதுமை வயல் கண்ணில் படவில்லை. ஆக, மந்திர உலகம் வெளி உலகத்திடம் வாங்கித்தான் தின்கிறது. மட்டமாகப் பார்க்கும் மகுள்களின் மாவில்தான், மகுள் கலப்பே இல்லை என்று பெருமைப்படும் தூய ரத்தக் குடும்பங்களின் ரொட்டி வேகிறது. இந்த ஒரு வரியிலிருந்து நூறு கதை எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

வாங்கித் தின்ன வேண்டுமென்றால் பணமாற்று வேண்டும். இரண்டாவது நூலில் ஹெர்மயனியின் பெற்றோர் கிரிங்காட்ஸ் வங்கியில் பவுண்டு நோட்டைக் கொடுத்து மந்திரக் காசு வாங்குகிறார்கள். 29 க்னட் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் ஒரு காலியன். இரண்டுமே பகா எண்கள். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் உயிர் போய்விடும். காலியனுக்கு ஏறக்குறைய ஐந்து பவுண்டு என்று ரௌலிங் ஒருமுறை சொன்னார். ஆனால் 2001இல் காமிக் ரிலீஃப் அறக்கொடைக்காக வந்த சிறு நூல்களின் அட்டையில் விலை 2.50 பவுண்டு, அதாவது 14 சிக்கிள் 3 க்னட் என்று இருந்தது. அது 409 க்னட். காலியனுக்கு 493 க்னட் என்பதால் ஒரு காலியன் சுமார் மூன்று பவுண்டுதான் தேறும்.

இந்த இடத்தில் கைவைத்துப் பெயர் வாங்கிய கதை ‘ஹாரி பாட்டர் அண்ட் தி மெத்தட்ஸ் ஆஃப் ரேஷனாலிட்டி’. எலியேசர் யுட்கவ்ஸ்கி 2010இல் தொடங்கி 2015 மார்ச்சில் முடித்த தொடர், 122 அத்தியாயங்கள், ஆங்கிலத்தில் ஆறு லட்சம் சொற்களுக்கு மேல். அதில் வரும் ஹாரி விஞ்ஞானம் படித்தவன். வங்கிக்குள் நுழைந்ததும் அவன் முதலில் பார்ப்பது தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விகிதத்தை. இங்கே 17 வெள்ளிக் காசுக்கு ஒரு தங்கக் காசு. 1990களின் தொடக்கத்தில் வெளிச் சந்தையில் எடைக்கு எடை தங்கம் வெள்ளியைப்போல 70 மடங்குக்கு மேல். வெளியே வெள்ளி வாங்கு, உள்ளே தங்கமாக மாற்று, வெளியே கொண்டுபோய் விற்று மறுபடி வெள்ளி வாங்கு. இரண்டு சுற்று வந்தால் கோடீஸ்வரன். இத்தனை நூற்றாண்டாக இதை ஒருவரும் செய்யவில்லை என்றால், அந்தச் சமூகம் வெளியுலகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கணக்கிலிருந்து சமூகத்தின் குணத்தைப் பிடிக்கும் அந்த அத்தியாயம் எனக்குப் பிடிக்கும். தொடரின் பிற்பகுதியில் ஹாரி எல்லாரையும்விட எல்லா நேரமும் கெட்டிக்காரனாகவே இருப்பது அலுப்பு.

கணக்குப் போடாமல் வளர்ந்த உலகமும் உண்டு. மூல நூல் சொன்னதற்கு கேனன் என்று பெயர். ரசிகர்கள் தங்களுக்குள் எழுதி எழுதி நிஜம்போலாகிவிட்டதற்கு ஃபேனன். டாஃப்னி கிரீன்கிராஸ் என்ற பெயர் ஐந்தாவது நூலில் தேர்வுக்கு ஆள் கூப்பிடும் வரிசையில் ஒரே ஒரு முறை வருகிறது. முகம் இல்லை, பேச்சு இல்லை. ஆயிரக்கணக்கான கதைகளில் அவள் பொன்னிறக் கூந்தல் அழகி, பட்டப்பெயர் பனி ராணி. பிளேஸ் சபினி முதல் நூலில் வெறும் பெயர், ஆணா பெண்ணா என்றே தெரியாது. பலர் பெண்ணாக எழுதினார்கள். 2005இல் ஆறாவது நூல் வந்து, அவன் உயரமான கறுப்பினப் பையன் என்றதும் அத்தனை கதையும் ஒரே இரவில் மாற்று உலகக் கதைகளாகிவிட்டன.

ஃபேனனில் எனக்குச் சலிப்புத் தட்டுவது பிரபு வம்சம். ஹாரி வங்கிக்குப் போவான், பூதம் ஒன்று மோதிரத்தை நீட்டும், அவன் பாட்டர் பிரபு, பிளாக் பிரபு, இன்னும் நாலு வம்சத்துக்கு வாரிசு, விசன்காமாட் சபையில் பரம்பரை இடம், கூடவே பழைய திருமண ஒப்பந்தம் ஒன்று. நூல்களில் இது எதுவும் கிடையாது. பணக்கார மந்திரவாதி லூசியஸ் மால்ஃபாய் செல்வாக்குப் பெறுவது நன்கொடையாலும் மிரட்டலாலும்தான், பட்டத்தால் இல்லை. என்றாலும் இந்தக் கற்பனை முளைத்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அமைச்சரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், சட்டத்தை யார் நிறைவேற்றுகிறார்கள் என்று ஏழு நூல்களும் தெளிவாகச் சொல்வதில்லை. அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று தெரியாத இடத்தில் வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த ஜமீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

உலகத்தைக் கட்டுவதில் ரசிகர்களின் பங்கு கதையோடு நிற்கவில்லை. ஹாரி பாட்டர் லெக்சிகன் என்ற ரசிகர் தளம் பெயர், தேதி, மந்திரம் எல்லாவற்றையும் தொகுத்து வைத்திருந்தது. வெளியே உட்கார்ந்து எழுதும்போது ஏதாவது விவரம் சரிபார்க்க வேண்டுமென்றால் இணைய மையத்துக்குள் நுழைந்து அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று ரௌலிங்கே எழுதினார். அதே தளத்தை நூலாகப் போட முயன்றபோது அவரும் வார்னர் பிரதர்ஸும் வழக்குப் போட்டார்கள். 2008இல் நியூயார்க் நீதிமன்றம் அந்த வடிவில் வெளியிடத் தடை விதித்தது.

கணக்குகளை விட்டு மனிதர்களிடம் வருவோம். மறைவின் உண்மையான எல்லைக்கோடு, மந்திரக் கடைத்தெருவுக்கு வழிவிடும் லண்டன் மதுக்கடையின் பின்சுவரில் இல்லை, மகுள் பெற்றோரின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஹாக்வார்ட்ஸ் மாணவன் காலின் கிரீவியின் அப்பா பால்காரர். இன்னொரு மாணவன் ஜஸ்டின் ஃபிஞ்ச் ஃப்ளெட்ச்லிக்கு, பிரபு வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் இடம் காத்திருந்தது. இந்த இரண்டு வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர் ‘பையன் எங்கே படிக்கிறான்?’ என்று கேட்டால் என்ன பதில்? பால்காரர் ஏதோ உதவித்தொகைப் பள்ளி என்று சமாளிக்கலாம். ஈட்டனை வேண்டாம் என்று விட்ட குடும்பம் தங்கள் வட்டத்துக்குள் என்ன சொல்லும்? ஏழு வருடம் கழித்துப் பையன் வரும்போது வெளியுலகில் செல்லும் ஒரு சான்றிதழும் கையில் இருக்காது. பதினோரு வயதோடு கணக்குப் பாடமும் நின்றுபோயிற்று. பெற்றோர் தங்கள் பிள்ளையை வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்த நாடு இருப்பதாக யாரிடமும் சொல்லவும் கூடாது.

இதன் உச்சம் ஹெர்மயனி, பல் மருத்துவர்களான தன் மகுள் பெற்றோருக்குச் செய்தது. போர் வருகிறது என்று அவர்கள் நினைவை மாற்றி, வெண்டெல், மோனிகா வில்கின்ஸ் என்று புதுப்பெயர் கொடுத்து, மகள் இருந்ததையே மறக்கச் செய்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுகிறாள். நூலில் அது அவளுடைய தியாகம். அவர்கள் திரும்ப வந்ததை ஏழு நூல்களும் காட்டுவதில்லை. சிட்னியிலோ பெர்த்திலோ ஒரு பல் மருத்துவமனைக் கதவைத் தட்டும் ஹெர்மயனியை வைத்து எழுதப்பட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் நல்லவை மந்திரம் பலித்ததா என்பதோடு நிற்பதில்லை. நினைவு திரும்பியதும் அந்த அம்மா கேட்கும் முதல் கேள்வியில் கதை சூடுபிடிக்கிறது: எங்களைக் கேட்டாயா? கேட்கவில்லை. மகுள்களை ஒருவரும் கேட்பதில்லை.

இந்த உலகத்துக்கு ஓர் அதிர்ஷ்டம், கதை 1998 மே மாதத்தோடு முடிந்துவிடுகிறது. கடைசி அத்தியாயம் 2017 செப்டம்பருக்குத் தாவினாலும் ரயில் நிலையத்தோடு நின்றுகொள்கிறது. (அந்த அத்தியாயமே வேண்டாம் என்பவர்கள் ‘எபிலாக்கா? எந்த எபிலாக்?’ என்று குறிச்சொல் போட்டு எழுதுகிறார்கள்.) அடுத்த தலைமுறையை எழுதுபவர்களுக்குத்தான் தலைவலி. ஹாக்வார்ட்ஸைச் சுற்றி மின்கருவிகள் வேலை செய்யாது, ஒத்துக்கொள்ளலாம். பள்ளி ரயில் ஏறும் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கேமராக்கள் வேலை செய்யுமே. தூணுக்குள் ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு புகுவதைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேருக்கும் மந்திரம் போடலாம். ஒருவர் படம் பிடித்து ஏற்றிவிட்டால் அது எந்த நாட்டு சர்வரில் கிடக்கிறதோ! சிலர் அமைச்சகத்துக்குள் மகுள் வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு கணினிப் பிரிவு திறக்கிறார்கள், முதன்முறையாகத் தூய ரத்தக்காரர்கள் அவர்களிடம் கையேந்த வேண்டியதாகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, படத்தை யாரும் அழிக்காமல் விட்டுவிடும் கதைகள். அழித்தால்தானே சந்தேகம்? அடியில் நாலு பேர் ‘எடிட்டிங் மட்டம்’ என்று எழுதினால் போதும்.

கடைசியாக, இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் முட்டிக்கொள்ளும் இடம். நூலின்படி மந்திர உலகம் மறைந்து வாழ வேண்டும் என்ற சர்வதேசச் சட்டம் 1689இல் கையெழுத்தாகி 1692இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருப்பது ஐரோப்பியச் சூனிய வேட்டையின் பயம். அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டதும் அதே 1692இல்தான். இங்கிலாந்தில் அந்த வேட்டை அதற்குள் அநேகமாக அடங்கிவிட்டிருந்தது என்பது வேறு விஷயம். சரி, ஐரோப்பியர் பயந்தார்கள், ஒளிந்தார்கள். இந்தியா ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

வழக்கமான பதில், பிரிட்டிஷ் மந்திரவாதிகள் திணித்தார்கள் என்பது. ஹாரியோடு படிக்கும் பார்வதி, பத்மா பட்டீல் இரட்டையரின் முன்னோர்களை வைத்து இப்படி எழுதப்பட்ட கதைகள் உண்டு. உணர்வு சரி, ஆண்டு சரியில்லை. 1689, 1690 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி முகலாயர்களோடு மோதி அடிவாங்கி, அவுரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் லண்டனிலிருந்து எந்த மந்திரவாதி வந்து இங்கே சட்டம் போட்டிருக்க முடியும்? திணிப்புக் கதை எழுதுவதென்றால் அதை பிளாசிப் போருக்குப் பிந்திய காலத்துக்குத் தள்ள வேண்டும். அல்லது இந்தியா அதில் சேரவே இல்லை என்று துணிந்து எழுதலாம். நூலிலேயே லீக்டன்ஸ்டைன் நாட்டு மந்திரவாதிகள் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர மறுத்ததாக ஒரு தேர்வுக் கேள்வி வருகிறது. லீக்டன்ஸ்டைனுக்கு உள்ள துணிச்சல் நமக்கு இருக்காதா?

வெளியாள் அவசரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 உதாரணம். வட அமெரிக்க மந்திர வரலாறு என்று ரௌலிங் இணையத்தில் எழுதியபோது, நவாஹோ மக்கள் வெளியாரிடம் பேசவே தயங்கும் நம்பிக்கை ஒன்றை விலங்காக மாறும் மந்திரவாதிகளைப் பற்றிய வதந்தி என்று சுருக்கிவிட்டார். பழங்குடி எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

தமிழில் இந்த உலகத்தைக் கட்டுபவருக்குச் சரக்கு வேறு. நம் ஊர்க் கதைகளில் மந்திரவாதி ஒளிந்து வாழ்வதில்லை. அவன் வீடு எங்கே என்று ஊருக்கே தெரியும். பேய் ஓட்ட, பில்லி எடுக்க, காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்க வாசலில் ஆள் நிற்கும். ஒளித்து வைக்கப்படுவது மந்திரம். குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போவது அது. சித்தர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மருந்தையும் ரசவாதத்தையும் பாட்டாகவே எழுதி வைத்தார்கள், ஆனால் பரிபாஷையில். படிக்கலாம், மனப்பாடம் செய்யலாம், சாவி தெரியாதவனுக்கு ஒன்றும் விளங்காது. ஆளை மறைக்கிற சமூகத்துக்குச் சுவரும் காவலும் நினைவழிப்புத் துறையும் வேண்டும். அறிவை மறைக்கிற சமூகத்துக்கு அதெல்லாம் வேண்டாம். அப்படி ஒரு கதை எழுதினால் அதன் அமைச்சகம் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் இருக்கும், ஊழியர்கள் எல்லாரும் மெய்ப்புத் திருத்துபவர்கள், சந்தைக்கு வரும் ஒவ்வொரு சித்தர் பாடல் பதிப்பிலும் சரியான இடத்தில் ஒரு சொல் பிழையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.